பெயரும் ஊரும் உள்ள வீரன்: அருங்காட்சியகச் சுவருக்கு ஒரு படக்கதை

(திருவரங்குளத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருவரங்குளத்தில் நின்று அருங்காட்சியகத்தைப் பற்றிப் பேசுகிறவன் முதலில் உங்கள் ஊர் நடராசரைத்தான் நினைக்க வேண்டும். காலைத் தூக்கி ஆடும் வழக்கமான கோலம் அவருக்கில்லை. இரண்டு முழங்கால்களையும் மடக்கிச் சதுர தாண்டவம் ஆடுகிற சோழர் காலச் செப்புத் திருமேனி அது. இன்று டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சோழர் செப்புத் திருமேனிகளைப் பற்றிப் படிக்கிறவர்கள் திருவரங்குளம் என்ற பெயரைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் டெல்லியில் அந்தத் திருமேனியின் முன்னால் நிற்கிறவருக்கு அரிதீர்த்தேசுவரர் கோயிலும், பொற்பனைக் கதையும், இந்தச் செம்மண் பூமியும் எப்படித் தெரியும்? பொருளைக் காப்பாற்றுவது அருங்காட்சியகத்தின் வேலை. அதை அது செய்கிறது. பொருளைச் சுற்றியிருந்த ஊரையும் மனிதர்களையும் காட்ட இன்னொரு கை வேண்டும். அது படம் வரைகிறவனின் கையாக இருக்கலாம் என்று நம்புகிறவன் நான்.

நான் படம் வரைந்து பிழைப்பவன். நம் மக்கள் போர்வீரனைக் காலந்தோறும் எப்படியெல்லாம் படமாக்கியிருக்கிறார்கள் என்பதை விளக்கும் ஒரு காட்சிக்கூடத்துக்கு, சுவர் நீளத்துக்கு ஒரு படக்கதை வரைந்து தரும்படி கேட்டிருக்கிறார்கள். வேலை இன்னும் மேசையில்தான் இருக்கிறது. அதைப் பற்றியே பேசுங்கள் என்று அறக்கட்டளையார் சொன்னபோது மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். பாதி வேலையில் இருக்கும்போதுதான் எதை வரைய வேண்டும், எதை வரையக் கூடாது என்ற கேள்விகள் சூடாக இருக்கும்.

போர்வீரன் படம் என்று எதைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இதற்குக் காசு கொடுத்தவர் யார்? அரசன் கொடுத்தால் அரசன் பெரிதாக இருப்பான். வீரர்கள் எறும்புச் சாரையாக ஒரே முகத்தோடு நிற்பார்கள். படை நிர்வாகம் கொடுத்தால் சீருடை மடிப்புக் குலையாமல் இருக்கும். பத்திரிகை முதலாளி கொடுத்தால் குண்டு வெடிக்கும் சத்தம் பக்கத்தை நிறைக்கும். செத்தவனுடைய சொந்த ஊர்க்காரர்கள் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடம் ஒரு பதில் இருக்கிறது. அதுதான் நடுகல்.

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பொற்பனைக்கோட்டையைப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கோட்டை மேடும் அகழியும் இன்றும் தெரிகின்றன. அங்கே அண்மைக் காலத்தில் நடந்த அகழாய்வுகளைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அந்த இடத்திலிருந்துதான் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள ஒரு நடுகல்லும் கிடைத்தது. மாடு கவர்ந்த சண்டையோடு தொடர்புடைய கல் அது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களும் இந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றில் ஒன்று கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் இறந்த, பேடு என்ற ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவனின் கல். அதில் உருவம் எதுவும் கிடையாது. நான்கைந்து சொற்கள்தான். ஆனால் அந்தச் சொற்களில் ஆளின் பெயர் இருக்கிறது, அவன் ஊர் இருக்கிறது, நடந்த நிகழ்ச்சி இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு சாதாரண மனிதனை நாம் இன்று பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிறது. எத்தனையோ பேரரசர்களுக்குக் கிடைக்காத பேறு அது.

பிறகு கல்லில் உருவம் வருகிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்களை இரா. நாகசாமி தொகுத்து வெளியிட்டார். அவற்றை ஓவியன் கண்ணோடு பார்த்தால் வியப்பாக இருக்கும். கையில் வில்லோ வாளோ பிடித்து, ஒரு காலை முன்வைத்துப் பாயும் நிலை. பக்கத்தில் வட்டெழுத்தில் செய்தி: எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய ஆள், எதற்காகச் செத்தான். எடுத்தனூர்க் கல் ஒன்று போதும். மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கருந்தேவக்கத்தி என்பவன் மாடு மீட்கும் சண்டையில் இறக்கிறான். அவனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்து அது காவல் நின்றதைக் கல் சொல்கிறது. அந்தச் சிற்பி அரண்மனைச் சம்பளக்காரனாக இருந்திருந்தால் நாய்க்கு இடம் கொடுத்திருப்பானா? மகேந்திரவர்மனைப் பெரிதாக வைத்திருப்பான். ஊரார் கொடுத்த கூலிக்குச் செதுக்கியதால் நாய் வந்தது. ஊராருக்கு அந்த நாயைத் தெரியும்.

என் சுவரில் முதல் வரிசைக் கட்டங்கள் இதற்குத்தான். நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாகச் சொல்கிறது. ஏற்ற கல்லைத் தேடிக் காண்பது காட்சி, நாள் பார்த்துத் தொடங்குவது கால்கோள், கல்லை நீராட்டுவது நீர்ப்படை, பிறகு அதை நடுவது, அதற்குப் பெருஞ்சிறப்புச் செய்வது பெரும்படை, கடைசியில் வாழ்த்துவது. புறத்திணை இலக்கணமாக நாம் மனப்பாடம் செய்த இந்தப் பகுதி ஒரு படக்கதைக்காரன் கையில் ஆறு கட்டங்களாக வந்து நிற்கிறது. சண்டையைக் காட்டும் கட்டம் ஒன்றுகூட அதில் இல்லை. சண்டை முடிந்தபின் ஊர் என்ன செய்தது என்பதுதான் கதை. கல் தேடி மலையடிவாரத்தில் நடக்கும் ஆட்கள், ஆற்றில் கல்லைக் கழுவும் கைகள், பீலி சூட்டும் கிழவி. இந்த ஆறு கட்டங்களையும் நான் திரும்பத் திரும்ப வரைந்து பார்க்கிறேன். போரைப் பற்றிய ஒரு காட்சிக்கூடம் இப்படித் தொடங்கினால், அதற்குப் பிறகு வரும் யானையும் பீரங்கியும் பார்ப்பவரின் கண்ணை மறைக்காது.

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் பிற்கால நடுகற்கள் சில அடுக்கடுக்காக இருக்கும். கீழ் அடுக்கில் சண்டை, நடு அடுக்கில் தேவமகளிர் வீரனைத் தூக்கிச் செல்வது, மேல் அடுக்கில் அவன் சிவலோகத்தில் இருப்பது. கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கட்டம் பிரித்துக் கதை சொல்லும் கலை வெளிநாட்டிலிருந்து சிவகாசிக்குக் கப்பலில் வந்தது என்று நினைக்கிறவர்கள் இந்தக் கற்களை ஒருமுறை பார்க்க வேண்டும்.

காஞ்சிபுரம் வைகுந்தப் பெருமாள் கோயிலையும் இங்கே சொல்ல வேண்டும். எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் கட்டியது. திருச்சுற்று மாளிகைச் சுவர்களில் பல்லவர் வரலாறு முழுவதும் கட்டம் கட்டமாகச் செதுக்கியிருக்கிறது: அரசவை, தூதர் வருகை, முடிசூட்டு, போர், மறுபடி போர். சில கட்டங்களுக்கு அடியில் விளக்கமும் பொறித்திருக்கிறார்கள். அவற்றை வரிசையாகப் படித்துப் பொருள் சொன்னவர் சி. மீனாட்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண். அவருடைய நூல் தொல்லியல் துறை வெளியீடாக 1941இல் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை, முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். அந்தச் சுவரில் நூற்றுக்கணக்கான போர்வீரர்கள் இருக்கிறார்கள். யானைக்காலில் மிதிபடுகிறவன் இருக்கிறான், குதிரையிலிருந்து சரிகிறவன் இருக்கிறான். ஒருவனுக்கும் பெயரில்லை. விளக்கமெல்லாம் அரசனுக்கு. அது அரசன் கொடுத்த காசு.

அரண்மனைச் சுவருக்கு வந்தால் இந்தப் போக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். நமக்குப் பக்கத்திலேயே இராமநாதபுரம் இராமலிங்க விலாசம் இருக்கிறது. மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. உள்ளே போய்ப் பார்க்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்து ஓவியங்கள் அங்கே சுவர் நிறைய உள்ளன. தஞ்சை மராட்டியரோடு சேதுபதி நடத்திய போரை ஒரு பகுதியில் தீட்டியிருக்கிறார்கள். பீரங்கி, துப்பாக்கி, குதிரைப்படை எல்லாம் உண்டு. அறந்தாங்கிக் கோட்டைக்காக அந்த இரு தரப்பும் மோதிக்கொண்ட காலம் அது. அதாவது அந்தப் படைகள் நடந்த மண் நம் மாவட்டத்து மண். நமக்கு இது வேற்றூர்க் கதையே கிடையாது. ஆனாலும் ஆயிரம் பள்ளிக்கூட உல்லாசப் பயணங்களில் எத்தனை பயணம் அந்த மண்டபத்துக்குள் போகிறது?

ஒரு போர் ஓவியத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பாடம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் தரியா தௌலத் மாளிகையில் இருக்கிறது. 1780 செப்டம்பர் 10ஆம் தேதி காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஹைதரும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தார்கள். நடந்தது தமிழ்நாட்டில், படம் கன்னட நாட்டுச் சுவரில். நடுவில் ஆங்கிலப் படை சதுரமாக நெருக்குண்டு நிற்கிறது. வெடிமருந்து வண்டி வெடிக்கிறது. பல்லக்கில் காயத்தோடு பெய்லி. இரு பக்கமும் மைசூர்க் குதிரைப்படை பாய்ந்து வருகிறது. மைசூர் வீரர் முகத்தில் மீசையும் அமைதியும். ஆங்கிலேயர் முகத்தில் மீசையே இல்லை, கண்கள் மட்டும் பெரிதாகத் திறந்திருக்கின்றன. வெற்றி பெற்றவன் எப்படிப் பார்க்கப்பட விரும்பினான் என்பதை இந்த மீசைக் கணக்கு சொல்லிவிடுகிறது. 1799இல் திப்பு வீழ்ந்தபின் அந்த மாளிகையில் ஆங்கிலத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி தங்கினார். அழிந்துகொண்டிருந்த அந்த ஓவியத்தைத் திரும்பத் தீட்டவைத்தார். 1855இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி காலத்தில் மறுபடியும் தீட்டினார்கள். தங்கள் தோல்வியைக் காட்டும் படத்தை வென்றவர்களே புதுப்பித்து வைத்தார்கள். இன்று நாம் பார்ப்பதில் திப்புவின் ஓவியன் போட்ட கோடு எது, வெல்லெஸ்லியின் கூலிக்காரன் போட்ட கோடு எது? அருங்காட்சியகச் சுவரில் இந்தக் கேள்வியையே ஒரு கட்டமாக வரைய வேண்டும்: சாரத்தில் ஏறி நிற்கும் ஓவியன், கீழே பணம் கொடுக்கிறவர், ஓவியனின் தூரிகை ஒரு மீசைக்கு மேல் நிற்கிறது. மூன்று காலம், மூன்று ஓவியர், அதே மீசை.

அதே காலத்தில் தஞ்சாவூர் ஓவியர்கள் ஆங்கிலேயருக்கு விற்பதற்காக ஆல்பம் ஆல்பமாக வரைந்தார்கள். சாதிக்கொரு ஜோடி, தொழிலுக்கொரு ஜோடி. அவற்றில் சிப்பாயும் உண்டு. பக்கத்தில் அவன் மனைவி நிற்பாள். வாங்குகிறவர் ஒரு ஞாபகப் பொருளாக ஊருக்கு எடுத்துப் போகத்தான் வாங்கினார். ஆனாலும் போர்வீரனுக்கு ஒரு பெண்டாட்டி இருந்தாள், அவள் இன்ன சேலை கட்டினாள் என்பதை அந்தப் படங்கள்தான் நமக்குக் காட்டுகின்றன. அரண்மனைச் சுவர் அதைக் காட்டாது.

இனி நானும் நீங்களும் படித்து வளர்ந்த காமிக்ஸ். 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. 1984இல் லயன் காமிக்ஸ். சிவகாசி அச்சகங்களிலிருந்து வந்த அந்தப் புத்தகங்களுக்கு நான் மிகவும் கடன்பட்டவன். கோடு என்றால் என்ன, கறுப்பை எங்கே நிரப்ப வேண்டும், பலூன் எங்கே வைத்தால் கண் தடுக்காது என்பதையெல்லாம் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடம் அது. அவற்றில் வந்த கேப்டன் டைகரின் குதிரைப்படைச் சீருடை எனக்கு மனப்பாடம். அமெரிக்கக் குதிரை வீரன் தொப்பியை எப்படி மடக்குவான், வாளை எந்தப் பக்கம் தொங்கவிடுவான் என்று என் தலைமுறைப் பையன்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். சேதுபதியின் படையில் இருந்த மறவன் என்ன உடுத்தியிருந்தான், புதுக்கோட்டைத் தொண்டைமான் படையில் இருந்த கள்ளர் வீட்டுப் பிள்ளை எப்படிச் சண்டை போட்டான் என்று கேட்டால் பதில் வராது. இதற்கு அந்தப் பதிப்பாளர்களைக் குறை சொல்வது முறையல்ல. அவர்கள் உலகத்தின் நல்ல படக்கதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். நம் ஊர் வீரனை வரைய வேண்டிய வேலை நமக்கு மிச்சம் இருக்கிறது.

அந்த வேலை எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு வளரியைச் சொல்கிறேன். பிறை வடிவில் வளைந்த எறிகருவி. சென்னை அருங்காட்சியகத்தில் தஞ்சை ஆயுதசாலையிலிருந்து வந்த தந்த வளரிகள் உண்டு. அதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதைப் புதுக்கோட்டைத் திவான் எழுதியனுப்பிய குறிப்பைக் கொண்டு எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். பெரும்பாலும் வைரம் பாய்ந்த மரத்தில், சில சமயம் இரும்பில் செய்வார்கள். ஒரு முனை கனமானது, மறு முனை மெலிந்தது. பழகியவன் மெலிந்த முனையைப் பிடிப்பான். தோளுக்கு மேல் சிலமுறை சுழற்றி வேகமேற்றுவான். பிறகு விடுவான். இதை ஒரே படத்தில் வரைந்தால் ஆள் எதையோ தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது போல இருக்கும். எத்தனையோ படங்களில் கனமான முனையைப் பிடித்தபடி அப்படித்தான் நிற்கிறான். படக்கதையில் மூன்று கட்டம் போதும். முதலில் கை மட்டும்: மெலிந்த முனையில் விரல்கள், கட்டைவிரல் எந்தப் பக்கம் என்பது தெரிய வேண்டும். அடுத்து தோளும் சுழற்சியும், வளரி ஒரு மங்கிய வட்டமாக. மூன்றாவது கட்டத்தில் ஆள் இல்லை. தரையோடு தரையாகப் பறக்கும் வளரியும் ஓடும் கால்களும். கண்ணாடிப் பெட்டிக்குள் அசையாமல் கிடக்கும் கருவிக்குப் பக்கத்தில் இந்த மூன்று கட்டமும் இருந்தால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் கை தானாகத் தோளுக்கு மேல் போகும். திருக்கோகர்ணத்தில் 1910இலிருந்து இயங்கிவரும் நம் புதுக்கோட்டை அருங்காட்சியகத்தில் பிள்ளைகள் ஆயுதங்களுக்கு முன்னால் எப்படி நின்று பார்ப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அந்தப் பார்வைக்குத் தீனி போட வேண்டும்.

கடினமான கட்டத்துக்கு வருகிறேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் நின்று போர்வீரன் சித்திரிப்பைப் பற்றிப் பேசுகிறவன் 1799ஐத் தவிர்த்துவிட்டுப் போகக் கூடாது. பாஞ்சாலங்குறிச்சி விழுந்தபின் கட்டபொம்மன் தொண்டைமான் சீமைக்குள் வந்தார். விஜய ரகுநாதத் தொண்டைமானின் ஆட்களால் பிடிக்கப்பட்டு ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டார். அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாறில் மேஜர் பானர்மேன் அவரைத் தூக்கிலிட்டான். பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையின் உட்சுவர்களில் அந்த வரலாறு ஓவியங்களாக இருக்கிறது. கட்டபொம்மனைப் பற்றி 1959இல் வந்த திரைப்படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சக்தி கிருஷ்ணசாமியின் வசனம் பல வீடுகளில் தாலாட்டைவிட நன்றாக மனப்பாடம். அந்தத் திரையிலும் சுவரிலும் புதுக்கோட்டைக்காரனுக்கு ஒரே முகம்தான், காட்டிக்கொடுத்தவனின் முகம். இங்கே உள்ள சிலருக்கு அது வருத்தம். கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஒப்பந்தத்தில் கட்டுண்ட ஒரு சிறு அரசு வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்பார்கள். இரண்டு பேச்சையும் நான் மதிக்கிறேன். ஆனால் நடந்ததை மறைக்கும் வரிசையை நான் வரைய மாட்டேன்.

அதை வரைய எனக்கு ஒரு விதி உண்டு. ஆவணத்தில் இருக்கும் சொல்லை மட்டும் பலூனுக்குள் போடுவேன். கம்பெனிக்காரர்கள் கடிதம் எழுதிக் குவித்தவர்கள். அவர்கள் பக்கத்துக் கட்டங்களில் எழுத்து நிறைந்திருக்கும். காட்டைச் சுற்றி வளைத்த தொண்டைமான் படை ஆள் என்ன நினைத்தான், கட்டபொம்மனோடு ஓடிவந்த ஆள் என்ன சொன்னான் என்பதற்குக் கடிதமில்லை. அங்கே பலூன் கிடையாது. புதருக்கு இரு பக்கமும் இரு முகம், ஒரே மாதிரி தலைக்கட்டு, ஒரே மொழி பேசும் வாய், இரண்டும் மூடியிருக்கும். திரைப்பட வசனத்தையும் விட்டுவிட மாட்டேன். அதைத் தனிக் கட்டத்தில், திரைச்சட்டம் போட்டு, 1959 என்று ஆண்டு குறித்து வைப்பேன். காட்சிக்கூடத்தின் பொருளே சித்திரிப்பு. அந்தப் படமும் ஒரு சித்திரிப்பு. நம் தாத்தா காலத்து மக்கள் சுதந்திரத்தை எப்படி நேசித்தார்கள் என்பதற்கு அது நேர்மையான சாட்சி. அதற்குரிய இடத்தில் அது இருக்கட்டும்.

முதல் உலகப் போருக்குப் பிறகு ஆங்கில அரசு இந்தியாவின் பல ஊர்களில் பளிங்குப் பலகை பதித்தது. 1914 முதல் 1919 வரை இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று எழுதியிருக்கும். எண்ணிக்கை மட்டும்தான். பெயர் இல்லை. புலிமான்கோம்பையில் மாட்டுச் சண்டையில் செத்தவனுக்குப் பெயரும் ஊரும் பொறித்த நாட்டில், ஈராயிரம் ஆண்டு கழித்து, உலகத்தின் மிகப் பெரிய பேரரசு தனக்காகச் செத்தவனுக்கு ஓர் எண்ணைக் கொடுத்தது. இந்த இரண்டையும் அருகருகே ஒரே அளவில் வரைந்து மாட்ட வேண்டும் என்பது என் பிடிவாதம். காட்சிக்கூடத்தின் மற்ற எல்லாக் கட்டங்களையும் விட்டுக்கொடுக்கலாம். இதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பிற நாட்டவர் இந்த வேலையை எப்படிச் செய்கிறார்கள்? அமெரிக்கப் படை 1951இல் வில் ஐஸ்னர் என்ற பெரிய படக்கதைக் கலைஞரைக்கொண்டு, துப்பாக்கியையும் வண்டியையும் பராமரிப்பது எப்படி என்று வீரர்களுக்கே காமிக்ஸ் போட்டது. இருபது ஆண்டு அந்த வேலை நடந்தது. படைக்குப் பயன்பட்ட படக்கதை அது. அதற்கு நேரெதிர்த் திசையில் ஜோ சாக்கோ. 1916 ஜூலை 1, முதல் உலகப் போரில் சோம் சண்டையின் முதல் நாள். அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் செத்தவர் மட்டும் 19,240 பேர். அந்த ஒரு நாளை 24 அடி நீள மடிப்புப் படமாக, ஒரு சொல்கூட இல்லாமல், 2013இல் அவர் வெளியிட்டார். அடுத்த ஆண்டு அதைப் பெரிதாக்கிப் பாரிஸின் மொம்பர்னாஸ் மெட்ரோ நிலையச் சுவரில் நூறு மீட்டருக்கும் மேல் ஒட்டினார்கள். வேலைக்குப் போகிறவர்கள் காலையில் தளபதியின் மாளிகையைப் பார்த்தபடி நடக்கத் தொடங்கி, நடைபாதை முடிவதற்குள் புதைகுழிக்கு வந்துவிடுவார்கள். சுவர்ப் படக்கதையைக் காலால் படிக்க வேண்டும் என்று நான் புரிந்துகொண்டது அதிலிருந்துதான்.

என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் ஜப்பானின் மிஸுகி ஷிகெரு. இரண்டாம் உலகப் போரில் நியூ பிரிட்டன் தீவில் சாதாரணச் சிப்பாயாக இருந்து இடது கையை இழந்தவர். மிச்சமிருந்த வலது கையால் வாழ்நாள் முழுவதும் வரைந்தார். 1973இல் வெளியிட்ட போர்ப் படக்கதையில் சிப்பாய்களை எளிய, கோமாளித்தனமான கோட்டில் வரைகிறார். காட்டையும் கடலையும் பிணங்களையும் புகைப்படம் போல இழை இழையாகத் தீட்டுகிறார். உயிரோடு இருக்கும்போது பக்கத்து வீட்டுப் பையனைப் போலத் தெரிகிறவன், செத்ததும் இயற்கையின் பயங்கரமான நுணுக்கத்துக்குள் போய்விடுகிறான். மேலதிகாரிகள் சிப்பாய்களை ஓயாமல் அறைகிறார்கள். எதிரியின் குண்டைவிட அந்த அறைதான் அதிகக் கட்டங்களில் வருகிறது. படைக்குள் இருந்தவன் படம் வரைந்தால் இதுதான் வரும்.

தொழில் சமாசாரம் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஓவியம் படிக்க விரும்பும் பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கிறார்கள். புத்தகக் காமிக்ஸை அப்படியே பெரிதாக்கிச் சுவரில் ஒட்டக் கூடாது. புத்தகம் மடியில் இருக்கும். சுவர் நாலடி தள்ளி இருக்கும். பலூனில் நாலு வரிக்கு மேல் போனால் நின்று படிக்க மாட்டார்கள். கட்டங்கள் பெரியவர் கண் உயரத்துக்கு இருந்தால் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்து ஓடிவிடுவார்கள். ஆகவே ஒரு வரிசையைத் தாழ்வாக வைத்து, அதில் நாயும் குதிரையும் கருவியும் வர வேண்டும். தமிழ் எழுத்துக்கு ஆங்கிலத்தைவிட மேலும் கீழும் இடம் கூடுதலாக வேண்டும்; கொம்பும் சுழியும் நெருக்குண்டால் எழுத்துச் செத்துவிடும். அதனால் பலூனை முதலில் வரைந்து, எழுத்தைக் கையால் எழுதி, அதன்பிறகுதான் ஆளுக்கு இடம் ஒதுக்குகிறேன். உண்மைப் பொருள் ஒரு பெட்டியில் இருந்தால், அதே பொருளைப் படத்திலும் அதே அளவில் வரைய வேண்டும். பார்க்கிறவர் கண் பெட்டிக்கும் படத்துக்கும் போய்வரும்போது அளவு மாறினால் நம்பிக்கை போய்விடும்.

இந்தக் காட்சிக்கூடத்தில் நம் வட்டாரத்துக் குதிரைக்கும் இடமுண்டு. குளமங்கலத்துப் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் குதிரையை அறியாதவர் இங்கே யார்? மாசி மகத்தில் காகித மாலை மேல் மாலையாக விழுந்து குதிரை மறைந்துபோகும். அய்யனாரின் வீரர்களைச் செய்கிறவர்கள் குயவர்கள். நேர்த்திக்கடன் வைப்பவர்கள் சம்சாரிகள். நடுகல்லைப் போலவே இதற்கும் ஊர்தான் காசு கொடுக்கிறது. அதனால்தான் அந்த வீரன் ஊருக்குக் காவல் நிற்கிறான், ஊரைப் பிடிக்கப் போகவில்லை.

கடைசி வரிசைக் கட்டங்கள் இன்னும் வெறும் தாளாக இருக்கின்றன. அவற்றுக்கு எனக்கு உங்கள் உதவி வேண்டும். இந்த ஊர்களில் பட்டாளத்தார் வீடு என்று சொன்னால் வழி காட்டுகிறார்கள். அந்த வீடுகளின் கூடத்தில், சாமி படங்களுக்குப் பக்கத்தில், சீருடையில் ஒரு புகைப்படம் இருக்கும். பர்மாவுக்குப் போனவர், மலேயாவில் நேதாஜியின் படையில் சேர்ந்தவர், லடாக்கில் பனியில் நின்றவர், ஓய்வூதியத்தோடு திரும்பி வயலில் இறங்கியவர், திரும்பாதவர். இவர்களைப் பெயரோடும் ஊரோடும் வரைய விரும்புகிறேன், தீயன் அந்தவனுக்குக் கல் நட்டவர்கள் செய்தது போல. குடும்பத்தார் சம்மதித்தால் மட்டும் பெயர் இடுவேன்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு மேசையும் நோட்டும் இருக்கும். வீட்டில் இருக்கும் புகைப்படம், பதக்கம், டிரங்குப் பெட்டி, டிஸ்சார்ஜ் புத்தகம், எழுதிய கடிதம் எதுவானாலும் என்ன இருக்கிறது என்று அதில் குறித்துவிட்டுப் போங்கள். நான் யாருடைய பொருளையும் எடுத்துக்கொண்டு போக மாட்டேன். வீட்டுக்கே வந்து, உங்கள் முன்னிலையில் படமெடுத்துக்கொண்டு, பார்த்தபடியே கோட்டுப்படமும் போட்டுக்கொள்வேன். பெரியவர்கள் யாராவது சீருடைக் காலத்தைச் சொல்லக் கூடியவர்களாக இருந்தால், பேரப்பிள்ளைகள் அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். அந்தக் கட்டங்களில் பலூன் உண்டு.